நாலாவது எறும்பு

உன் கடிதத்தைப் படித்ததும் எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. உன் மேல் இல்லை. "அத்தான் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை அம்மா. கல்யாணம் என்ற ஏற்பாடே எனக்கு வேண்டாம் என்று தோன்றுகிறது, அவ்வளவுதான். ஆனால் என்னால் மூன்று வீடும் உடைந்துபோகும் என்றால் சொல், வந்து கழுத்தை நீட்டுகிறேன்" என்று எழுதியிருக்கிறாய். அந்தக் கடைசி வரியை அடித்துவிட்டு, அடுத்த வரியில் மறுபடியும் அதையே எழுதியிருக்கிறாய். மெட்ராஸில் வங்கி வேலை பார்த்து, தன் சோற்றைத் தானே சம்பாதித்துச் சாப்பிடுகிற என் மகளை இப்படி எழுத வைத்தவர்கள் யார் என்று நினைத்தபோது வந்த கோபம் அது. அது ஆறுவதற்குள் பதில் எழுதிவிடப் போகிறேன். ஆறிய பிறகு எழுதினால் நான் இந்த வீட்டின் நல்ல மருமகள் மாதிரி எழுதிவிடுவேன். அந்தப் பழக்கம் எனக்கு உண்டு.

முதலில் இந்த மூன்று வீட்டு விவகாரத்தைச் சொல்லிவிடுகிறேன். நீ அதற்குள்ளேயே பிறந்தவள், அதை வெளியே நின்று பார்த்திருக்க மாட்டாய். தென்காசியில் நம் வீடு. சுந்தரபாண்டியபுரத்தில் நான் பிறந்த வீடு. வடகரையில் உன் பெரிய அத்தை வாழ்க்கைப்பட்ட வீடு. என்னைத் தென்காசிக்குக் கொடுத்த அதே வருஷம், உன் அப்பாவின் அக்காவை வடகரைக்குக் கொடுத்தார்கள். வடகரை வீட்டுப் பெண்ணை என் அண்ணனுக்கு எடுத்தார்கள். ஆக, ஒவ்வொரு வீடும் ஒரு வீட்டுக்கு மாப்பிள்ளை வீடு, இன்னொரு வீட்டுக்குப் பெண் வீடு. நம் பக்கத்தில் மாப்பிள்ளை வீட்டார் நின்றால் பெண் வீட்டார் உட்காரக் கூடாது. தென்காசி சுந்தரபாண்டியபுரத்தை மிரட்டும். சுந்தரபாண்டியபுரம் வடகரையை மிரட்டும். வடகரை வந்து தென்காசியை மிரட்டும். ஆடிச் சீரில் பாத்திரம் கனம் குறைவு என்று உன் பெரியப்பா என் அண்ணனிடம் குதித்தால், அடுத்த மாதமே பெரிய அத்தையின் வீட்டுக்காரர் நம் வீட்டுக்கு வந்து காப்பி ஆறிப்போயிருக்கிறது என்று குதிப்பார். பெரியப்பா கைகட்டிக்கொண்டு நிற்பார். அதைச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்று பார்ப்பதில் எனக்கு ஒரு திருப்தி இருந்தது. இப்படி யாரும் யாரையும் முழுசாக மிதிக்க முடியாமல் ஒரு வட்டம். பெரியவர்கள் ரொம்ப யோசித்துச் செய்த ஏற்பாடு என்று ஊரே மெச்சியது.

இப்போது அதே வட்டத்தை உங்கள் தலைமுறையில் இன்னொரு சுற்று சுற்றப் பார்க்கிறார்கள். நீ வடகரைக்கு, பெரிய அத்தையின் மகனுக்கு. அவன் தங்கை சுந்தரபாண்டியபுரத்துக்கு, என் அண்ணன் மகனுக்கு. என் அண்ணன் மகள் இங்கே தென்காசிக்கு, உன் பெரியப்பா மகனுக்கு. நீ மாட்டேன் என்றால் வடகரை தன் பெண்ணைக் கொடுக்காது. வடகரை கொடுக்காவிட்டால் சுந்தரபாண்டியபுரம் கொடுக்காது. இதைத்தான் "உன்னால் மூன்று வீடும் உடையும்" என்று உனக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

இந்த வட்டம் இத்தனை வருஷம் உடையாமல் ஓடியதற்கு மூன்று கல்யாணங்கள் மட்டும் காரணமில்லை. உன் சின்ன அத்தை காரணம். அவளுக்கும் வரன் வந்தது. அவள் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, தென்காசி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராகப் போய் உட்கார்ந்தாள். யாருக்கும் மருமகள் இல்லை, யாருக்கும் சம்பந்தி இல்லை. மூன்று வீட்டிலும் போன் வந்த காலம். உன் பெரியப்பாவுக்குக் கோபம் வந்தால் ரிசீவரை எடுத்து, சுந்தரபாண்டியபுரத்துக்குப் போடு என்று கத்துவார். அந்தப் பக்கம் சின்ன அத்தையின் குரல் வரும். "அண்ணே, லைன் கெடைக்கல. மழைக்குக் கம்பி அறுந்து கெடக்காம். சாயங்காலம் போட்டுத் தாரேன்." வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருக்கும். சாயங்காலத்துக்குள் அவர் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து, என்ன கோபம் என்பதையே பாதி மறந்திருப்பார். ஒரு தடவை நான் அவளிடம், குடும்பத்துக்காக எவ்வளவு செய்கிறாய் என்று உருகினேன். அவள் சிரித்துவிட்டாள். "குடும்பத்துக்கா? போங்க மதினி. இவிய ரெண்டு பேரும் போடுத சண்டைய நடுவுல ஒக்காந்து நாந்தான கேக்கணும். தலை வலிக்கி" என்றாள்.

அவளை ஒரு வருஷம் திருநெல்வேலிக்கு மாற்றி வைத்திருந்தார்களே, அதை நீ மறந்திருக்க மாட்டாய். காது குத்து வீட்டில் பந்தியில் இடம் போட்டதில் ஆரம்பித்த பேச்சு, மதியத்துக்குள் மூன்று வீட்டுக்கும் போனில் போய்விட்டது. நம் வீடு என் அண்ணனை வாசலோடு திருப்பி அனுப்பியது. என் அண்ணன் அந்த எரிச்சலை வடகரையில் போய்க் காட்டினான். வடகரையில் உன் பெரிய அத்தையைப் பிறந்த வீட்டுக்குப் போகக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். நீ பெரியவளான சடங்குக்கு மாமன் சீர் வரவில்லை. பட்டுப்பாவாடையில் உட்கார்ந்துகொண்டு, மாமா எப்போம்மா வருவாவ என்று கேட்டுக்கொண்டே இருந்தாய்.

இந்த இடத்தில் எறும்புக் கதையைச் சொல்லித்தான் ஆக வேண்டும். நீ சின்னப் பிள்ளையில் என்னோடு நம் குற்றாலம் தோட்டத்துக்கு வந்திருக்கிறாய், ஆனால் பழம் தின்பதிலேயே கவனமாக இருப்பாய். கல்லூரியில் விலங்கியல் பாடம் நடத்திக்கொண்டிருந்த எனக்கு அந்தத் தோட்டம்தான் ஆய்வுக்கூடம். மங்குஸ்தான் மரங்களில் மூன்று எறும்புகள் இருந்தன. மேலே கிளைகளில் முசுறு, இலைகளைச் சேர்த்துக் கூடு கட்டும் சிவப்பு எறும்பு, பழம் பறிக்க ஏறுகிறவர்கள் அத்தனை பேரும் வாய்க்கு வந்தபடி ஏசுவார்களே, அதுதான். அடிமரத்துப் பொந்துகளில் கட்டெறும்பு. வேரடியில் சிற்றெறும்பு, பார்த்தால் அற்பமாக இருக்கும், கிளம்பினால் படையாகக் கிளம்பும். முசுறு கட்டெறும்பை ஆறு காலையும் பிடித்து இழுத்துக் கிழித்துவிடும். கட்டெறும்பு சிற்றெறும்பின் புற்றைக் கொள்ளையடித்து முட்டைகளைத் தூக்கிப் போய்விடும். சிற்றெறும்போ மரத்தில் ஏறி முசுறின் கூட்டையே காலி செய்துவிடும். எனக்கு முதல் நாளே சிரிப்பு வந்துவிட்டது. நம் மூன்று வீடும் மரத்தில் ஏறி உட்கார்ந்திருந்தன.

நாலாவதாக ஒரு எறும்பும் இருந்தது. மெலிந்தது, கறுப்பு, காய்ந்த சுள்ளிக்குள் உளுத்துப்போன துளையில் குடியிருக்கும். ஊரில் அதற்கு யாரும் பெயர் வைத்ததாகத் தெரியவில்லை, நான் சும்மா எறும்பு என்று கூப்பிட்டேன். அது மூன்றில் எதோடும் மோதவில்லை. மூன்றில் எதுவும் அதைச் சீண்டவில்லை. சும்மா எறும்பு இருக்கிற சுள்ளி வந்தால் முசுறானாலும் கட்டெறும்பானாலும் சற்று நின்று, மீசையை ஆட்டிப் பார்த்துவிட்டு, வேறு பாதையில் போய்விடும்.

ஒரு வருஷம் உன் பெரியப்பா பழத்தைக் குத்தகைக்கு விடுவதற்கு முன்னால், குத்தகைக்காரர் கண்ணுக்குத் தோட்டம் லட்சணமாகத் தெரிய வேண்டும் என்று ஓடைக்கு இந்தப் பக்கம் இருந்த மரங்களில் மட்டும் காய்ந்த சுள்ளியையெல்லாம் ஒடித்து எரிக்கச் சொன்னார். அந்தப் பக்கத்துக்குப் போவதற்குள் சாரல் பிடித்துக்கொண்டது. எனக்கு அது அதிர்ஷ்டம். சுள்ளி போனதும் இந்தப் பக்கத்தில் சும்மா எறும்பு இல்லாமல் போனது. முசுறுக்கு வழியில் நின்று யோசிக்க ஒன்றுமில்லை. மரத்துக்கு மரம் பாய்ந்து, அடுத்த சீசனுக்குள் கட்டெறும்பை அடியோடு ஒழித்துவிட்டது. முசுறுதான் இனி ராஜா என்று நினைத்தேன். ஆனால் சிற்றெறும்பை அடக்கி வைத்திருந்தது அந்தக் கட்டெறும்புதான். அது போனதும் சிற்றெறும்பு பெருகி மேலே ஏறியது. முசுறு எல்லாக் கூட்டையும் விட்டுவிட்டு ஓடியது. கடைசியில் இந்தப் பக்கம் முழுக்கச் சிற்றெறும்பு மட்டும், அது வளர்த்த மாவுப்பூச்சி மட்டும். பழமெல்லாம் வெள்ளையாகப் பிசுபிசுத்து நின்றது. ஓடைக்கு அந்தப் பக்கத்தில், யாரும் கை வைக்காத அழுக்கு மரங்களில், நான்கும் பழையபடி இருந்தன. அங்கே சண்டை நடந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் ஒரு சண்டை முடிந்து அடுத்த கிளைக்குப் போவதற்கு நேரம் பிடித்தது, அந்த நேரத்தில் தோற்றது எங்கேயாவது ஒதுங்கிப் பிழைத்துக்கொண்டது.

இதை ஆராய்ச்சியாக எழுதிக்கொண்டு என் நெறியாளரிடம் போனேன். அவர் நல்லவர், படித்தவர். முதல் மூன்று எறும்பைப் பாராட்டினார். "இந்த நாலாவத எடுத்திரும்மா. அது யாரோடயும் மோதல, யாரும் அதோட மோதல. அதுக்கு இதுல என்ன வேலை?" என்றார். "அது நிக்குத எடம்னு ஒண்ணு இருக்குல்லா சார்" என்றேன். அது சரிப்படாது, அட்டவணை குழம்பும், எடுத்தால்தான் கையெழுத்து என்றார். நான் எடுக்கவில்லை. கையெழுத்தும் விழவில்லை. இன்றுவரை என் பெயருக்கு முன்னால் டாக்டர் கிடையாது. கல்லூரியில் எனக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லாம் டாக்டர் ஆகிவிட்டார்கள். அதில் எனக்கு வருத்தம் உண்டா என்று நீ ஒரு தடவை கேட்டாய், மழுப்பினேன். இப்போது சொல்கிறேன், துளியும் கிடையாது. மறுபடியும் அதே மேஜைக்கு முன்னால் என்னை நிறுத்தினாலும் அதே பதிலைத்தான் சொல்வேன்.

ஒன்றை மட்டும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நான் எறும்பை வைத்து உபதேசம் செய்கிறேன் என்று ஆகிவிடும். தோட்டத்தின் மேல்கோடியில் பட்டுப்போன மரங்கள் நிறைய நின்றன. அங்கே எங்கே பார்த்தாலும் சுள்ளி, எங்கே பார்த்தாலும் சும்மா எறும்பு. அங்கே கட்டெறும்பு ஒரு மரத்துக்குள் மாட்டிக்கொண்டு, வெளியே போகவும் வழியில்லாமல், இரை தேடவும் வழியில்லாமல் செத்துப்போனது. ஆகவே ஒதுங்கி நிற்பதே புண்ணியம் என்று நான் சொல்லவில்லை. ஊரில் உள்ள எல்லாரும் ஒதுங்கி நின்றால் அதுவும் ஒரு அழிவுதான். உன் தோழிகள் கல்யாணம் செய்துகொண்டால் மனசார வாழ்த்திவிட்டு வா, அவர்களை ஏளனமாகப் பார்க்காதே. எத்தனை பேர் நிற்கிறார்கள், எங்கே நிற்கிறார்கள் என்பதைப் பொறுத்தது எல்லாம். இந்த மூன்று வீட்டில் ஒதுங்கி நிற்பவர்கள் அதிகமாகிவிட்டார்கள் என்று யாரும் சொல்ல முடியாது. சின்ன அத்தை ஒருத்திதான். அவளும் ரிடையர் ஆகப் போகிறாள்.

போன ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டில் மூன்று வீட்டாரும் கூடினார்கள். உனக்கு யாரும் எழுதியிருக்க மாட்டார்கள். பெரியப்பா என்னைக் கூடத்துக்குக் கூப்பிட்டார். "ஒருத்தி மாட்டேன்னா மூணு கல்யாணம் நிக்கி. ஒனக்குப் புரியுதா இல்லையா?" என்றார்.

"புரியுது அத்தான். நிக்கட்டும்" என்றேன்.

பெரிய அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எம் மகன் என்னத்துல கொறஞ்சு போயிட்டான்?" என்றாள். உண்மையிலேயே அவளுக்கு வலித்தது. எனக்கும் வலித்தது, அவள் எனக்குக் கெடுதல் செய்தவள் இல்லை. "ஒங்க மகன் தங்கம், மதினி. அவனக் கட்டணும்னு ஆசப்படுத பிள்ளையாப் பாருங்க. ஆசையில்லாத பிள்ளைய எதுக்கு அவன் தலைல கட்டணும்?" என்றேன். என் அண்ணன் எழுந்துவிட்டான். பிறந்த வீட்டு மானத்தை வாங்குகிறாயே என்றான். நான் எறும்பைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். "எறும்புக் கதையெல்லாம் காலேஜ்ல வச்சுக்கோ" என்று பெரியப்பா நாற்காலிக் கையில் ஓங்கித் தட்டினார். பிறகு சமையலறைப் பக்கம் கையைக் காட்டி, "அங்கன ஒருத்தி சும்மா இருக்கது போதாதுன்னு இன்னொருத்தியா?" என்றார். காப்பித் தட்டோடு வந்த சின்ன அத்தை அவர் முன்னால் டம்ளரை வைத்துவிட்டு, "சும்மா இருக்கதுக்கும் மாசாமாசம் சம்பளம் வருதுண்ணே" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். உன் அப்பா குனிந்தபடி சிரித்தார். நான் பார்த்தேன்.

நீ ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் இதில்தான் உன்னை மடக்குவார்கள். நாளைக்கு யாராவது, சரி, கல்யாணம் வேண்டாம், சின்ன அத்தை மாதிரி நம் குடும்பத்துக்கு உழைத்துக்கொண்டு இரு என்று இனிப்பாகச் சொல்வார்கள். அதற்கும் தலையாட்டாதே. சும்மா எறும்பு தோட்டத்தைக் காப்பாற்றக் கிளம்பவில்லை. அதற்கு முசுறும் தெரியாது, மங்குஸ்தானும் தெரியாது. அது தன் சுள்ளிக்குள் தன் குஞ்சுகளைப் பார்த்துக்கொண்டு தன் பிழைப்பைப் பார்த்தது. அதனால் மற்றவர்களுக்கு நன்மை வந்தால் வரட்டும். நீயும் உன் வேலையைப் பார். பிரமோஷன் பரீட்சை எழுது. விடுதியில் சாப்பாடு சரியில்லை என்றால் தனியாக வீடு பார்த்துக்கொள், பயப்படாதே. காய்ச்சல் வந்தால் யாரிடமும் சொல்லாமல் படுத்துக் கிடக்காதே, அந்தக் கெட்ட பழக்கம் உனக்கு உண்டு. இரண்டு நல்ல சிநேகிதிகளைச் சம்பாதித்துக்கொள். பத்து வருஷம் கழித்து ஒருவனைப் பிடித்து, கல்யாணம் செய்துகொள்ளலாம் என்று தோன்றினால் செய்துகொள், அன்றைக்கு வந்து இந்தக் கடிதத்தைக் காட்டி நான் கேலி செய்ய மாட்டேன். யாருடைய வட்டத்தையும் நிரப்புவதற்காக மட்டும் செய்யாதே.

மூன்று வீடும் உடைந்துபோனால்? உடையலாம். மறைக்கவில்லை. பெரிய அத்தை இனி நம் வீட்டுப் படி ஏற மாட்டேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். என் அண்ணன் என்னிடம் சொல்லிக்கொள்ளாமல் போனான். ஆனால் நன்றாக யோசித்துப் பார். ஒரு பெண் வரவில்லை என்றதும் மற்ற இரண்டு கல்யாணத்தையும் நிறுத்துகிறவர்கள் அவர்கள்தான், நீ இல்லை. என் அண்ணன் மகளும் பெரியப்பா மகனும் ஒருத்தரை ஒருத்தர் விரும்புகிறார்கள், இது ஊருக்கே தெரியும். அவர்களைச் சேர்த்துவைக்க உன் கழுத்து எதற்கு? இதை நான் கூட்டத்தில் கேட்டேன்.

பதிலுக்கு ஒரு தந்தி வந்தது. அதாவது எழுதப்பட்டது. எல்லாரும் போன பிறகு பெரியப்பா ஒரு தாளில், "அம்மா கவலைக்கிடம், உடனே புறப்படு" என்று எழுதி, காலையில் போய் அடித்துவிட்டு வா என்று உன் அப்பாவிடம் கொடுத்தார். நான் வெந்நீர் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அப்பா தாளோடு வந்து நின்றார். இத்தனை வருஷத்தில் அவர் தன் அண்ணன் பேச்சைத் தட்டி நான் பார்த்ததில்லை.

"தந்தி ஆபீசுக்குப் போச் சொல்லுதாவ" என்றார்.

"நீங்க என்ன சொல்லுதிய?" என்றேன்.

"நீ நல்லாத்தான இருக்க. பொய் சொல்லி எம் பிள்ளைய ராத்திரி பூரா ரயில்ல அழ வச்சுக் கூட்டிட்டு வர மாட்டேன்" என்று சொல்லி, தாளை அடுப்பில் போட்டுவிட்டு, சாப்பாடு எடுத்து வைக்கச் சொன்னார். எனக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. சோறு போட்டேன்.

ஆனால் தந்தி ஆபீசுக்கு வழி அப்பாவுக்கு மட்டும் தெரிந்ததில்லை. வேறு யாராவது அனுப்புவார்கள். நாளைக்கோ மறுநாளோ உன் விடுதி வாசலில் தந்திக்காரர் வந்து நிற்பார். அம்மா கவலைக்கிடம் என்று இருக்கும். நம்பாதே. நான் மூன்று வேளையும் சாப்பிடுகிறேன், மாடிப்படி ஏறுகிறேன், இந்தக் கடிதத்தை நானே தபாலில் போடப் போகிறேன். அம்மா தவறிவிட்டாள் என்று வந்தாலும் நம்பாதே. உண்மையாகவே தவறியிருந்தாலும் ரயில் ஏறாதே. காரியம் முடிந்த கையோடு, அம்மாவின் கடைசி ஆசை என்று சொல்லி உன்னைப் பலகையில் உட்கார வைத்துப் பூ வைத்துவிடுவார்கள். நீயும் அழுதுகொண்டே தலையைக் குனிந்துவிடுவாய், உன்னை எனக்குத் தெரியும். அம்மாவின் கடைசி ஆசை என்னவென்று யாரும் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதை உயிரோடு இருக்கும்போதே என் கையால் எழுதித் தருகிறேன். நீ வராதே.